ஏ.ஆர்-15 ஹேண்ட்கார்டு: 200 டாலருக்குள், எடை குறைவாக எது?

தேன்சிட்டு77

வணக்கம். என் ஏ.ஆர்-15 ரைஃபிளின் ஹேண்ட்கார்டை (பேரலைச் சுற்றி, முன்கை பிடிக்கும் உறை) மாற்ற வேண்டும், ஆலோசனை தேவை. இப்போது இருக்கும் அமைப்பு இது:

16 இன்ச் பேரல், 5.56 மி.மீ. தோட்டா, கவர்ன்மென்ட் ப்ரொஃபைல், காஸ் பிளாக் (பேரலின் காஸைக் குழாய் வழியாகப் பின்னால் அனுப்பும் கட்டை) உட்காரும் இடத்தில் .750 இன்ச் விட்டம். கார்பைன் நீளக் காஸ் சிஸ்டம். முக்கோண ஃப்ரன்ட் சைட் பேஸ் (முன் சைட்டும் காஸ் பிளாக்கும் ஒரே துண்டாக இருப்பது), இரண்டு டேப்பர் பின் அடித்தது. கம்பெனியில் கொடுத்த இரண்டு துண்டு பிளாஸ்டிக் ஹேண்ட்கார்டு. முனையில் சாதாரண ஏ2 ஃப்ளாஷ் ஹைடர் (சுடும்போது வரும் சுடரை மறைப்பது), வெல்டு எதுவும் இல்லை. மேலே 1 முதல் 6 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப்.

பெரும்பாலும் ரேஞ்சில் 100 முதல் 300 கஜம் வரை, பைபாட் (இரண்டு கால் தாங்கி) ஊன்றிப் படுத்துச் சுடுவதுதான். வருடத்தில் சில இரவுகள் டெக்ஸஸில் காட்டுப்பன்றி வேட்டை. அதற்கு முன்னால் ஒரு லைட் வேண்டும், கொஞ்ச தூரம் நடக்கவும் வேண்டும். அதனால்தான் எடையைப் பார்க்கிறேன்.

பட்ஜெட் 200 டாலர். கடையில் 40 டாலருக்கும் இருக்கிறது, 330 டாலருக்கும் இருக்கிறது. 15 இன்ச் கார்பன் ஃபைபர் ஒன்று 8 அவுன்ஸ்தான் என்று போட்டிருக்கிறார்கள், விலை 280. கூடுதல் காசுக்கு அது தகுமா? 13 இன்ச் எடுப்பதா, 15 எடுப்பதா? சைட் பேஸைக் கழற்றாமல் முடிக்க வழி உண்டா?

கஜக்கோல்

தம்பி, விலையும் எடையும் அப்புறம். அந்த சைட் பேஸை வைத்துக்கொள்ளப் போகிறீர்களா, எடுக்கப் போகிறீர்களா? இதை முதலில் முடிவு பண்ணுங்கள். எந்த ஹேண்ட்கார்டு பொருந்தும், எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் இந்த ஒரு முடிவைத்தான் பிடித்துக்கொண்டு வரும்.

இப்போது இருக்கும் பிளாஸ்டிக் பின்னால் டெல்டா ரிங் என்ற ஸ்பிரிங் வளையத்திலும், முன்னால் சைட் பேஸை ஒட்டியிருக்கும் தகட்டு மூடியிலும் உட்கார்ந்திருக்கிறது. அந்த மூடி பேரலின் மேலேயே இருக்கிறது. பைபாடை ஹேண்ட்கார்டில் மாட்டி முன்னால் தள்ளி அழுத்தினால் அந்தப் பளு நேராக பேரலுக்குப் போகும். அழுத்தினால் ஒரு இடம், தளர்த்திப் பிடித்தால் வேறு இடம். ஸ்லிங்கை இறுக்கி இழுத்தாலும் இதேதான். ஐந்து தோட்டாவும் நெருக்கமாக விழும், ஆனால் அடுத்த ஐந்து இரண்டு இன்ச் தள்ளி நெருக்கமாக விழும். இதைப் பார்த்துவிட்டு ஸ்கோப்பில்தான் கோளாறு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஃப்ரீ ஃப்ளோட் ஹேண்ட்கார்டு, பேரலை ரிசீவரோடு (துப்பாக்கியின் உடற்பகுதி) சேர்க்கும் பேரல் நட்டில் மட்டும் பிடித்து நிற்கும். அதற்கு முன்னால் பேரலை எதுவும் தொடாது. ஓஹையோவின் கேம்ப் பெரியில் நடக்கும் சர்வீஸ் ரைஃபிள் போட்டிகளில் பழைய வட்ட ஹேண்ட்கார்டுக்கு அடியில் ஒரு உலோகக் குழாயை மறைத்து வைப்பது நெடுங்காலப் பழக்கம். வெளித்தோற்றம் ராணுவ ரைஃபிள் போலவே இருக்கும், ஆனால் ஸ்லிங்கின் இழுவை பேரலுக்குப் போகாது.

நீங்கள் பைபாடில் 300 கஜம் போகிறவர். உங்களுக்கு ஃப்ரீ ஃப்ளோட் தேவைதான். பைபாட் இல்லாமல் 100 கஜத்துக்குள் நின்று சுடுகிறவராக இருந்தால், மேக்புல் எம்.ஓ.இ. எஸ்.எல். மாதிரி ஒரு பாலிமர் ஹேண்ட்கார்டை வாங்கி, டெல்டா ரிங்கைப் பின்னால் இழுத்து, ஐந்து நிமிடத்தில் மாட்டிவிட்டுப் போங்கள் என்று சொல்லியிருப்பேன். 60 டாலருக்குள் வேலை முடிந்துவிடும், கருவி எதுவும் வேண்டாம், கையும் சுடாது.

சைட் பேஸ் இருக்கட்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, பழைய பேரல் நட்டையே கவ்விக்கொள்ளும் இரண்டு துண்டு ஃப்ரீ ஃப்ளோட். கார்பைன் நீளத்துக்கு அது 7 இன்ச்தான் வரும். அதில் பைபாட் மாட்டினால் தாங்கல் ரிசீவருக்கு மிக அருகில் விழுந்து, பின்பக்கம் சின்ன அசைவு என்றாலும் முனை அலைபாயும். இரண்டு, சைட் பேஸ் மேலே எட்டிப் பார்க்க வழிவிட்டு வெட்டிய 12, 13 இன்ச் மாடல்கள். அவை குறைவாகத்தான் கிடைக்கும். அவற்றில் பல, பேரல் நட்டையும் மாற்றச் சொல்லும், அதற்கு எப்படியும் சைட் பேஸ் கழன்றாக வேண்டும்.

எடுத்துவிடலாம் என்றால் சந்தையில் இருக்கும் அத்தனை ஹேண்ட்கார்டும் உங்களுக்குத் திறந்துவிடும். செலவை மட்டும் முழுசாகப் போட்டுப் பாருங்கள். ஹேண்ட்கார்டு 130 முதல் 180. லோ ப்ரொஃபைல் (உயரம் குறைந்த) காஸ் பிளாக் 25 முதல் 40. ரோல் பின், கிரீஸ், க்ரஷ் வாஷர் சேர்த்து ஒரு 15. ரிசீவரை வைஸில் பிடிக்கும் கட்டை 35 முதல் 50. ஆர்மரர் ரெஞ்ச் 25, டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளப்பது) 40க்கு மேல், பஞ்ச் செட் 20. இரும்பு சைட் வேண்டுமென்றால் அது தனி. கருவி எதுவும் கையில் இல்லாதவருக்கு 150 டாலர் ஹேண்ட்கார்டு 300 டாலரைத் தாண்டி நிற்கும். துப்பாக்கிப் பட்டறையில் கொடுத்தால் கூலி 50 முதல் 100 வரை கேட்பார்கள். ஒரே ஒரு ரைஃபிளுக்காக என்றால் கருவி வாங்குவதைவிட அது மலிவு.

தராசு_முள்

எடை பற்றி மட்டும் சொல்கிறேன். இதில் விளம்பர எண்ணை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம்.

8 அவுன்ஸ் என்று போட்டிருப்பது நட், ஸ்க்ரூ எல்லாம் சேர்த்தா, வெறும் குழாயா என்று கேளுங்கள். ஸ்டீல் நட் ஒன்றே 3, 4 அவுன்ஸ் வரும். 8 அவுன்ஸ் குழாயும் 4 அவுன்ஸ் நட்டும் சேர்ந்தால் 12. அலுமினிய நட்டோடு மொத்தமே 11 அவுன்ஸ் வரும் சாதாரண அலுமினிய ஹேண்ட்கார்டு அதைவிட லேசு, விலையும் பாதி. பொருத்திய பிறகு என்ன எடை என்பதை மட்டும்தான் ஒப்பிட வேண்டும்.

தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம். 13 முதல் 15 இன்ச் மெல்லிய அலுமினியம், நட்டோடு, 10 முதல் 15 அவுன்ஸ், அதாவது 280 முதல் 425 கிராம். அதே நீளத்தில் கார்பன் ஃபைபர் 6 முதல் 10. நாலு பக்கமும் பிகாட்டினி பல் வெட்டிய குவாட் ரெயில் 12 இன்ச் என்றால் 15க்கு மேல் தொடங்கி 20ஐத் தாண்டும், அதற்கு மேல் கைக்கு உறுத்தாமல் இருக்க ரப்பர் உறையும் போட வேண்டும்.

இப்போது கார்பன் கணக்கு. 150 டாலர் அலுமினியத்துக்கும் 280 டாலர் கார்பனுக்கும் வித்தியாசம் 130 டாலர், மிச்சமாவது 4 அவுன்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அவுன்ஸுக்கு 32 டாலருக்கு மேல். அந்த சைட் பேஸை எடுத்து லோ ப்ரொஃபைல் காஸ் பிளாக் போட்டாலே இரண்டு மூன்று அவுன்ஸ் குறையும், அதுவும் முன்பக்கத்தில். நல்ல மடக்குப் பைபாட் 11 முதல் 15 அவுன்ஸ். வேட்டைக்குப் போகும்போது அதை ஒரு நெம்புகோலைத் தட்டிக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டுப் போக முடிந்தால், எந்தக் கார்பன் குழாயும் தராத அளவு எடை குறைந்துவிடும். அந்த 130 டாலரை குவிக் டிடாச் பைபாட் மவுண்டில் போடுங்கள்.

உங்கள் ரைஃபிள் முன்கனமாக இருப்பதற்கு உண்மையான காரணம் ஹேண்ட்கார்டு கிடையாது. கவர்ன்மென்ட் ப்ரொஃபைல் பேரல் ஹேண்ட்கார்டுக்கு அடியில் மெலிந்து, சைட் பேஸைத் தாண்டியதும் தடிக்கும். எடை வேண்டாத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. பின்னாளில் பேரல் மாற்றும்போது பென்சில் ப்ரொஃபைல் எடுத்தால் கால் கிலோ வரை இறங்கும். ஆனால் அதற்குக் காஸ் பிளாக் .625, இப்போது வாங்கும் .750 பிளாக் உட்காராது. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

13ஆ 15ஆ: மெல்லிய அலுமினியம் இன்ச்சுக்கு முக்கால் அவுன்ஸுக்கும் குறைவுதான், இரண்டு இன்ச்சில் ஒன்றரை அவுன்ஸ்கூட வராது. எண்ணில் சின்னது, ஆனால் கடைசி நுனியில் இருப்பதால் ரைஃபிளைத் திருப்பும்போது தெரியும். அதைவிட முக்கியம் முனையில் இருக்கும் இடம். 16 இன்ச் என்பது போல்ட் முகத்திலிருந்து அளப்பது. ரிசீவருக்கு வெளியே தெரிவது அதைவிடக் குறைவு. 15 இன்ச் போட்டால் முனை மரை ஹேண்ட்கார்டின் வாயை ஒட்டி நின்று, ஃப்ளாஷ் ஹைடரைக் கழற்ற ரெஞ்ச் போடவே சிரமம். நாளைக்கு சப்ரஸர் (ஓசை குறைப்பான்) வாங்கினால் அது வாயில் இடிக்கும். பைபாடுக்கும் லைட்டுக்கும் 13 தாராளம்.

மரைக்கட்டு

வேலை எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன். சைட் பேஸை எடுப்பதாக வைத்துக்கொண்டு.

மேகஸினை எடுத்து, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். அப்பரை (ரிசீவரின் மேல்பாதி) தனியாகப் பிரித்து, போல்ட் கேரியரும் சார்ஜிங் ஹேண்டிலும் வெளியே. ஃப்ளாஷ் ஹைடர் கழற்றுங்கள். அதன் க்ரஷ் வாஷர் ஒருமுறைதான் உதவும், புதிதாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக்கை எடுத்த பிறகு காஸ் டியூப் ரோல் பின். 5/64 இன்ச் ரோல் பின் பஞ்ச் வேண்டும், சாதாரண பஞ்ச் வைத்தால் பின்னின் வாய் விரிந்து சிக்கிக்கொள்ளும். அடுத்து இரண்டு டேப்பர் பின். இவை ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சிறுத்தவை. துப்பாக்கியைத் தோளில் வைத்திருப்பவர் பார்வையில் இடமிருந்து வலமாக அடித்து வெளியேற்ற வேண்டும். எதிர்ப்பக்கமாக அடித்தால் இன்னும் இறுகும், பின் நசுங்கும். இரவே ஊடுருவும் எண்ணெய் விட்டு வையுங்கள். அடியில் துளையுள்ள கட்டை வைத்து, குட்டையான தடித்த பஞ்சால் கனமான சுத்தியலில் ஒரே ஓங்கு. நீளமான மெல்லிய பஞ்சை முதலில் எடுத்தால் அது வளையும், பின்னின் தலை காளான் போல விரியும். அசைந்த பிறகு மெல்லிய பஞ்சுக்கு மாறலாம்.

பேரல் நட்டைக் கழற்றும்போது பேரலை மட்டும் வைஸில் கவ்வி முறுக்காதீர்கள். ரிசீவரை முழுசாகச் சுற்றிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கட்டையோ, உள்ளே விட்டு பேரல் எக்ஸ்டென்ஷனைப் பிடிக்கும் ராடோ வேண்டும். இது இல்லாமல் முறுக்கினால் ரிசீவரில் பேரலின் குத்துப்பின் உட்காரும் வெட்டு கிழிந்து அகலமாகிவிடும், அப்புறம் பேரல் நேராக உட்காராது. ரிசீவரையே மாற்ற வேண்டிவரும்.

மரையைத் துடைத்து மாலிப்டினம் கிரீஸ் தடவுங்கள். கிராஃபைட் கலந்த கிரீஸ் வேண்டாம். அலுமினிய ரிசீவரும் ஸ்டீல் நட்டும் சேருமிடத்தில் கிராஃபைட் இருந்தால் அரிப்பு வரும்.

பழைய வகை நட் என்றால் 30 ஃபுட்-பவுண்டுக்கு இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கி, மூன்றாவது முறை நிலைநிறுத்த வேண்டும். பிறகு காஸ் டியூப் துளை நேராகும் வரை இன்னும் இறுக்கலாம், 80ஐத் தாண்டக் கூடாது. துளை நேராக வரவில்லையென்று பின்னால் தளர்த்தி நிறுத்துவது தப்பு. முன்னோக்கி மட்டும்தான். ஹேண்ட்கார்டோடு தனி நட் வந்தால் அந்தக் கம்பெனி சொன்ன எண்ணை மட்டும் பாருங்கள். பல தனி நட்டுகளில் துளையே கிடையாது, காஸ் டியூப் நட்டுக்கு மேலே போகும், நேராக்கும் தொல்லை இல்லை. சிலவற்றுக்கு அவர்களுடைய ரெஞ்சுதான் பொருந்தும், பெட்டியில் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

இனி காஸ் பிளாக். எல்லாரும் இங்கேதான் சறுக்குவது. உங்கள் பழைய அமைப்பில் பேரலின் தோள்பட்டைக்கும் சைட் பேஸுக்கும் நடுவே அந்தத் தகட்டு மூடி இருந்தது. புதிய காஸ் பிளாக்கைத் தோள்பட்டையோடு முட்டவிட்டால், அந்தத் தகட்டின் தடிமன் அளவு, சுமார் 0.030 இன்ச், பின்னால் போய்விடும். பேரலின் காஸ் துளையும் பிளாக்கின் துளையும் விலகி காஸ் குறையும். ரைஃபிள் பாதி ஓடும், கடைசித் தோட்டாவில் போல்ட் பின்னால் நிற்காது. அந்த 0.030 இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து விடுங்கள். பேரலின் காஸ் துளை மையத்துக்கு முன்னும் பின்னும் பென்சிலில் கோடு போட்டு, பிளாக்கின் நீளத்தில் துளை எங்கே என்று அளந்து சரிபார்க்கலாம்.

இன்னொன்று. பழைய டேப்பர் பின் பேரலின் அடியில் இரண்டு குறுக்குப் பள்ளம் விட்டுப் போயிருக்கும். செட் ஸ்க்ரூ காஸ் பிளாக்கின் ஸ்க்ரூ அந்தப் பள்ளத்தின் விளிம்பில் விழுந்தால் பிளாக் ஒரு பக்கம் சாயும். அப்படி விழுகிறது என்றால் கவ்வும் வகைக் காஸ் பிளாக் எடுங்கள். ஸ்க்ரூவுக்கு ராக்செட் போடுங்கள். சாதாரண மரைப் பசை காஸ் பிளாக் சூட்டில் இளகிவிடும். ராக்செட் பீங்கான் வகை, சூட்டுக்கு அசையாது. ஒரு இரவு காயவிட வேண்டும்.

காஸ் டியூப் போட்டபின் போல்ட் எடுத்த கேரியரை முன்னால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். டியூபின் வாய், கேரியரின் மேல் இருக்கும் கீ என்ற குழாய்க்குள் உரசாமல் போக வேண்டும். உரசினால் டியூபை லேசாக வளைத்துச் சரி செய்யலாம்.

கடைசியில் ஹேண்ட்கார்டு. அதன் மேல்பக்கம் ரிசீவர் ரெயிலோடு ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்க்க, இரண்டையும் சேர்த்து ஒரு நேரான ரெயில் துண்டைப் படுக்க வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் உடனே தெரியும். பிறகு ஒரு டாலர் நோட்டை மடித்து, முனையிலிருந்து காஸ் பிளாக் வரை பேரலுக்கும் ஹேண்ட்கார்டுக்கும் நடுவே இழுங்கள். சிக்காமல் வர வேண்டும். சிக்கினால் ஃப்ரீ ஃப்ளோட் என்று பெயர்தான், பேரல் எங்கோ தொடுகிறது.

தேன்சிட்டு77

எல்லாருக்கும் மிக்க நன்றி. 0.030 இன்ச் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது.

15ஐ விட்டுவிட்டேன், கார்பனையும் விட்டுவிட்டேன். இரண்டு சந்தேகம். பயன்படுத்திய கீமாட் 13 இன்ச் ஒன்று 70 டாலருக்குக் கிடைக்கிறது, நல்ல நிலையில். எம்-லாக் எடுத்தால் 140 (இரண்டுமே லைட், பைபாட் மாட்ட ஹேண்ட்கார்டில் வெட்டும் ஓட்டை வகைகள்). கீமாட் எடுக்கலாமா? அடுத்தது, சைட் பேஸை முழுசாகக் கழற்றாமல், மேல்பகுதியை மட்டும் அறுத்துத் தள்ளிக் காஸ் பிளாக்காக ஆக்கிக்கொள்ளலாம் என்று படித்தேன். அது சரிப்படுமா?

நட்சத்திரப்புள்ளி

கீமாட் கேள்விக்கு என் பதில்: வேண்டாம்.

கீமாட் 2012இல் வந்தது, மேக்புல்லின் எம்-லாக் 2014இல். அமெரிக்கச் சிறப்புப் படைகளுக்காகக் கடற்படையின் கிரேன் மையம் இரண்டையும் கீழே போட்டும், இழுத்துப் பிய்த்தும், கழற்றி மாட்டியும் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டது. கழற்றி அதே இடத்தில் மாட்டும்போது குறி நகர்வது எம்-லாக்கில் சராசரி 1.3 எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது 100 கஜத்தில் சுமார் ஒரு இன்ச்), கீமாடில் 4.9. பிய்ந்துபோகும் பளுவிலும் எம்-லாக்தான் வெகுவாகத் தாங்கியது. அதற்குப் பிறகு துணைப்பொருள் செய்கிறவர்கள் பெரும்பாலும் எம்-லாக் பக்கம் போய்விட்டார்கள். 70 டாலர் மிச்சம் பிடித்துவிட்டு, லைட் மவுண்டும் பைபாட் மவுண்டும் கீமாடில் தேடி அலைந்தால் அந்த மிச்சம் கரைந்துவிடும்.

எம்-லாக் மாட்டும்போது: டி வடிவ நட் கால் சுற்று திரும்பி ஓட்டையின் உள்பக்கம் குறுக்கே நிற்க வேண்டும். அலுமினிய ரெயில் துண்டுக்கு 35 இன்ச்-பவுண்டு. ஃபுட்-பவுண்டு ரெஞ்சைக் கொண்டு வராதீர்கள், மரை போய்விடும். ஸ்க்ரூவை டி-நட்டிலிருந்து முழுசாகக் கழற்றாமல் தளர்த்தி மட்டும் மாட்டுங்கள். காஸ் பிளாக்குக்கு நேர் கீழேயோ பக்கத்திலோ இருக்கும் ஓட்டையில் எதையும் மாட்டும் முன் உள்ளே எட்டிப் பாருங்கள். மெல்லிய ஹேண்ட்கார்டில் டி-நட்டின் முனை காஸ் பிளாக்கைத் தொட்டுவிடும். தொட்டால், இவ்வளவு செலவழித்து வாங்கிய ஃப்ரீ ஃப்ளோட் போச்சு.

விறைப்பு பற்றி ஒரு வார்த்தை. வெறும் லைட்டும் பைபாடும் மாட்டுகிறவருக்கு ஹேண்ட்கார்டு கொஞ்சம் வளைந்தால் பரவாயில்லை, ஸ்கோப் ரிசீவரில்தானே இருக்கிறது. வளைந்து பேரலைத் தொடாத வரை குறி நகராது. ஹேண்ட்கார்டின் முனையில் லேசரோ முன் சைட்டோ மாட்டுகிறவருக்குத்தான் விறைப்பு உயிர்நாடி. 13 இன்ச், அதாவது 330 மி.மீ. குழாயின் நுனி அரை மி.மீ. நகர்ந்தால் லேசரின் கோணம் குறைந்தது 1.5 மில்லிரேடியன் மாறும். 100 மீட்டரில் 15 செ.மீ. அமெரிக்கச் சிறப்புப் படைகளின் எம்4ஏ1 ரைஃபிளுக்கு டேனியல் டிஃபென்ஸின் ஆர்.ஐ.எஸ். 2 போன்ற கனமான ரெயிலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இந்த வகைக் கருவிகள். அந்தத் தேவை உங்களுக்கு இல்லை, அதன் எடையையும் விலையையும் நீங்கள் சுமக்க வேண்டாம்.

சூடு: அலுமினியம் பேரலின் சூட்டை வேகமாக வாங்கும். மூன்று மேகஸின் தொடர்ந்து போட்டால் காஸ் பிளாக் பக்கம் வெறுங்கையால் பிடிக்க முடியாது. எம்-லாக் ஓட்டையில் சொருகும் பாலிமர் உறைத்துண்டு இரண்டு மூன்று வாங்கி, கை பிடிக்கும் இடத்தில் மட்டும் போடுங்கள். முழு நீளத்துக்கும் போட்டால் காற்றோட்டம் அடைபடும்.

மரைக்கட்டு

சைட் பேஸை அறுக்கும் யோசனை நல்ல யோசனை. தொழிற்சாலையில் பின் அடித்த காஸ் பிளாக் மாதிரி உறுதி வேறு எதிலும் வராது. துளை நேராகத்தான் இருக்கிறது என்பதும் ஏற்கெனவே ஓடிக் காட்டிய விஷயம். 0.030 கவலையும் இல்லை.

ஆனால் ஒரு நிபந்தனை. சைட் பேஸ் பேரலிலேயே இருந்தால் பழைய பேரல் நட்டைக் கழற்ற முடியாது, புதிய நட்டை உள்ளே நுழைக்கவும் முடியாது. ஆகவே பழைய நட்டையே பயன்படுத்தும் ஹேண்ட்கார்டுதான் வாங்க வேண்டும். அப்படி இருக்கின்றன, வாங்கும்போது விவரத்தில் ஸ்டாண்டர்டு பேரல் நட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். உள்விட்டத்தையும் பாருங்கள். அறுத்த சைட் பேஸ் லோ ப்ரொஃபைல் பிளாக்கைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும், மிக மெல்லிய குழாய் அதன் மேல் போகாது. 1.3 இன்ச் உள்விட்டம் என்றால் கேலிபரால் அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நட்டின் மேல் இருக்கும் டெல்டா ரிங், ஸ்பிரிங், வளையக் கிளிப் மூன்றும் போக வேண்டும். கிளிப்பை இடுக்கியால் விரித்து முன்னால் எடுக்கலாம். டெல்டா ரிங் சைட் பேஸைத் தாண்டி வராது, அதனால் வெட்டுச் சக்கரம் போட்டு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அறுக்கும்போது ரிசீவரையும் காஸ் டியூபையும் தடித்த டேப்பால் சுற்றிவிடுங்கள். காஸ் டியூபின் சுவர் மெல்லியது, சக்கரம் ஒரு நொடி பட்டால் ஓட்டை.

சைட் பேஸில் முதலில் முன் சைட்டின் ஆணியையும் அடியில் இருக்கும் ஸ்பிரிங், டிடென்டையும் எடுத்துவிடுங்கள். பேரல் வாயில் பஞ்சு அடைத்து, இரண்டு பக்கமும் டேப். இரண்டு காலையும் ஹேக்ஸா பிளேடால் அறுக்கலாம், அடியில் இருக்கும் பேயனட் கொக்கியையும் சேர்த்து. காஸ் டியூப் ரோல் பின் இருக்கும் உச்சிப் பகுதிக்கு மேலே நல்ல இடம் விட்டு நிறுத்திவிட்டு, மீதியை அரத்தால் தேயுங்கள். ரோல் பின் துளை வரை போய்விட்டால் அந்த சைட் பேஸ் வீண். டேப்பர் பின் இருக்கும் இரண்டு பட்டையையும் தொடவே கூடாது. தேய்த்த இடத்தில் எண்ணெய் போக்கிவிட்டு, அதிக வெப்பம் தாங்கும் கறுப்புப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தால் துரு வராது.

ஒரு மதிய நேர வேலை. டேப்பர் பின்னோடு மல்லுக்கட்டுவதும் இல்லை, டார்க் ரெஞ்சும் வைஸ் கட்டையும் இல்லை. உங்கள் 200 டாலர் பட்ஜெட்டுக்குள் முடிகிற வழி இதுதான்.

கஜக்கோல்

மரைக்கட்டு சொன்னதை வழிமொழிகிறேன். ஒரு விஷயம் மட்டும் யோசித்துவிட்டு அறுங்கள்: அறுத்தால் திரும்ப ஒட்ட முடியாது. உங்களிடம் இப்போதே ஸ்கோப் இருப்பதால் இழப்பு பெரிதில்லை. இரும்பு சைட் ஒருநாள் தேவைப்படும் என்று தோன்றினால், முழு நீள மேல் ரெயில் உள்ள ஹேண்ட்கார்டாக எடுங்கள். எடை குறைக்க மேல் பல்லை நடுவில் வழித்துவிட்ட மாடல்களில் முனைப்பக்கம் சில பல் மட்டும் விட்டிருப்பார்கள், அது போதும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சில விஷயம். 14.5 இன்ச் பேரலில் முனைக்கருவியைப் பின் அடித்து வெல்டு செய்து 16 இன்ச் கணக்குக் காட்டியிருந்தால், அதைக் கழற்றாமல் காஸ் பிளாக் வெளியே வராது. கழற்றினாலோ, பட் ஸ்டாக் உள்ள ரைஃபிளுக்கு மத்தியச் சட்டம் சொல்லும் 16 இன்ச் எல்லைக்குக் கீழே போய்விடும். உரிமம் பெற்ற பட்டறையில் கொடுப்பதே வழி.

மாநிலச் சட்டத்தையும் பாருங்கள். டெக்ஸஸில் சிக்கல் இல்லை. கலிஃபோர்னியாவில் செங்குத்து முன்பிடி தடை அம்சம். இல்லினாயில் 2023 சட்டம் பேரலைச் சூழ்ந்திருக்கும் உறையையே தடைக்குரிய அம்சப் பட்டியலில் வைத்திருக்கிறது.

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, வழக்கறிஞரைக் கேட்காமல் இறங்காதீர்கள். கிரீன் கார்டு இருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. கழற்றிய பழைய ஹேண்ட்கார்டைக்கூட ஊருக்குப் போகும் பெட்டியில் வைக்காதீர்கள். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதத்தின் பாகங்களையும் ஆயுதமாகவே கணக்கில் எடுக்கிறது, இங்கே ஏற்றுமதிக் கட்டுப்பாடும் இருக்கிறது.

தேன்சிட்டு77

முடிவு: ஸ்டாண்டர்டு பேரல் நட்டில் உட்காரும் 13 இன்ச் அலுமினிய எம்-லாக், 140 டாலர். சைட் பேஸை அறுக்கப் போகிறேன். மிச்சத்தில் குவிக் டிடாச் பைபாட் மவுண்டும் மூன்று உறைத்துண்டும். லைட்டை எங்கே வைப்பது நல்லது? முனையிலா, கைக்குப் பக்கத்திலா?

தராசு_முள்

லைட்டின் முகம் ஹேண்ட்கார்டின் வாயோடு ஒரே மட்டத்தில் இருக்கட்டும். உள்ளே தள்ளி வைத்தால் பேரலும் ஃப்ளாஷ் ஹைடரும் ஒரு பெரிய நிழலை விழவைக்கும், இரவில் பன்றி அந்த நிழலுக்குள் போய்விடும். வாய்க்கு வெளியே நீட்டினால் கண்ணாடியில் கரி படியும். மேலே 1 மணி அல்லது 11 மணி நிலையில், உங்கள் கட்டைவிரல் எட்டும் பக்கம். பைபாடை 6 மணி ஓட்டையில், கடைசியிலிருந்து இரண்டாவது ஓட்டையில் மாட்டுங்கள், மடக்கும்போது கால் லைட்டில் இடிக்காது.

மாட்டி முடித்ததும் பழைய ஜீரோவை (ஸ்கோப்பில் குறியைச் சரிசெய்து வைத்த நிலை) நம்பாதீர்கள். 100 கஜத்தில் ஐந்து தோட்டா பைபாடை முன்னால் தள்ளி அழுத்தி, ஐந்து தோட்டா மணல் மூட்டையில் தளர்வாக வைத்துச் சுடுங்கள். இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் விழுந்தால் ஜீரோ வையுங்கள். தள்ளி விழுந்தால் டாலர் நோட்டை மறுபடி இழுத்துப் பாருங்கள், அறுத்த சைட் பேஸின் ஏதோ ஒரு விளிம்பு உள்சுவரைத் தொடுகிறது.